பாட்டுப் போட்டியும் ஓட்டுக் கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி, ஒன்றுக்கொன்று ஓட்டுப் போட்டுக்கொள்கிற யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதை நம்ம பக்கத்து வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் மூன்று தகவல்கள் பிசகியிருக்கின்றன. அதோடு, எல்லாம் ஓட்டு அரசியல், பாட்டுக்கு அங்கே வேலையில்லை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டார். நம்ம ஊர்களில் பாட்டுப் போட்டி நடத்துகிறவர்களுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த ஓட்டுக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் பிசகுகள். போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஒன்றியம் என்று போட்டிருந்தது. நடத்துவது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். 1950-ல் அமைந்தது, தலைமையகம் ஜெனீவா. நம்ம தூர்தர்ஷன், ஆகாசவாணி போன்ற பொது ஒளிபரப்பு நிலையங்கள் சேர்ந்த சங்கம். அரசாங்கங்களுக்கு அதில் இடமில்லை. உறுப்பினர் நிலையம் இருக்கிற நாடு பாடலாம் என்பதால்தான் இஸ்ரேல் 1973 முதல் வருகிறது, மொராக்கோ 1980-ல் ஒரே ஒரு முறை தலையைக் காட்டிவிட்டுப் போனது. ஆஸ்திரேலியா 2015-ல் அழைப்பின் பேரில் வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அடுத்தது, 1974-ல் சுவீடனின் ஆபா பாட்டுக் குழுவோடு போட்டி தொடங்கியதாக இருந்தது. ஆபா பிரைட்டன் நகரில் ஜெயித்தது 1974 ஏப்ரல் 6. அப்போதே போட்டிக்குப் பதினெட்டு வயது. முதல் போட்டி 1956 மே 24, சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில். ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. ஜெயித்தது சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய லிஸ் அசியா. இத்தாலியில் 1951 முதல் நடந்துவந்த சான்ரெமோ பாட்டு விழாவைப் பார்த்துத்தான் இதை அமைத்தார்கள். ஒரே நிகழ்ச்சியைப் பல நாட்டுத் திரைகளில் ஒரே நேரத்தில் நேரலையாகக் காட்ட முடியுமா என்று பார்க்கும் தொழில்நுட்பச் சோதனையாகவும் அது இருந்தது.

மூன்றாவது, ஆதியிலிருந்தே மக்கள் போன் பண்ணி ஓட்டுப் போட்டதாக எழுதியிருந்தது. மக்கள் ஓட்டு 1997-ல்தான் வந்தது, அதுவும் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவீடன், சுவிட்சர்லாந்து, பிரிட்டன் என்ற ஐந்து நாடுகளில் மட்டும். அதற்கு முந்தைய 41 போட்டிகளிலும் முடிவு சொன்னது நடுவர்கள்.

இதையெல்லாம் இங்கே எதற்கு இழுக்கிறோம் என்றால், பொள்ளாச்சியிலிருந்து அந்தியூர் வரைக்கும் பொங்கல் விழா, நோம்பி, கல்லூரி விழா என்று எங்கே பார்த்தாலும் இப்போது பாட்டுப் போட்டிதான். பனியன் கம்பெனிக்காரர்களும் ரைஸ் மில்காரர்களும் பரிசுத் தொகை தருகிறார்கள். முன்னே மூன்று வாத்தியார்கள் உட்கார்ந்து மார்க் போட்டதோடு முடியும். இப்போது க்யூஆர் கோடு, வாட்ஸ்அப் ஓட்டு எல்லாம் சேர்ந்துவிட்டது. முடிவு சொன்னதும் மேடைக்குப் பின்னால் வாய்த்தகராறு. அங்கே கிளம்புகிற தகராறு எதுவும் புதுசு கிடையாது. யூரோவிஷன்காரர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முறை அடிபட்டு, அதற்கொரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் தகராறு மார்க் கூட்டுவதில். நூற்றுக்கு இத்தனை என்று மூன்று நடுவர்கள் மார்க் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் நடுவர் அ, ஆ, இ மூவருக்கும் 82, 80, 78. இரண்டாமவர் 84, 81, 80. மூன்றாமவர் 50, 65, 90. கூட்டினால் அ 216, ஆ 226, இ 248. இ-க்கு முதல் பரிசு. ஆனால் மூவரில் இரண்டு நடுவர்கள் இ-யைக் கடைசியில்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் நடுவர் மார்க்கைத் தாராளமாக விரித்துப் போட்டதால் அவர் ஒருவர் பேச்சே எடுபட்டுவிட்டது. இதே தாளை இடக் கணக்காக மாற்றுங்கள். அ: 1, 1, 3, கூட்டினால் 5. ஆ: 2, 2, 2, கூட்டினால் 6. இ: 3, 3, 1, கூட்டினால் 7. குறைந்த கூட்டுத்தொகைக்குத்தான் முதலிடம், அதாவது அ.

யூரோவிஷனிலும் 1971 முதல் 1973 வரை இப்படியொரு கூத்து நடந்தது. நாட்டுக்கு இரண்டு நடுவர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். கை இறுக்கமான நடுவர்கள் எல்லோருக்கும் ஒன்று, இரண்டு என்று கிள்ளிப் போட, தாராளக்காரர்களின் நாட்டுக்கு முடிவில் கூடுதல் பங்கு கிடைத்துவிட்டது. 1975-ல் ஸ்டாக்ஹோமில் அதற்கு மருந்து வந்தது: ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு 12, 10, 8, 7, 6, 5, 4, 3, 2, 1 என்று தர வேண்டும். கூட்டிப் பாருங்கள், 58. கஞ்சனும் அதே 58, கொடையாளியும் அதே 58. அரை நூற்றாண்டாக அந்த அளவு மாறவில்லை.

நடுவரின் சொந்த மாணவர் போட்டியில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நம்ம பக்கம் தவறாமல் வரும், ஏனென்றால் ஊருக்கு இரண்டு பாட்டு வாத்தியார்தான். 1956-ல் நடுவர்கள் தங்கள் நாட்டுக்கே ஓட்டுப் போடலாம். முழு மதிப்பெண் பட்டியல் இன்றுவரை வெளியாகவில்லை. அடுத்த ஆண்டே சொந்த நாட்டுக்கு ஓட்டு இல்லை என்றாகிவிட்டது. நாம் செய்யக்கூடியது: அந்த நடுவர் தன் மாணவரை விட்டுவிட்டு மற்றவர்களை வரிசைப்படுத்தட்டும். விட்டுப்போன இடத்தில் மற்ற நடுவர்கள் தந்த இடங்களின் சராசரியைப் போடுங்கள். வெறுமனே காலியாக விட்டால், குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கிற கணக்கில் அந்த மாணவருக்கு லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிடும்.

இனி மக்கள் ஓட்டு. பெரிய சிக்கல் இங்கேதான். மாவட்ட அளவில் போட்டி நடத்தி மொத்த ஓட்டை அப்படியே எண்ணினால் கோயமுத்தூர்ப் பிள்ளைதான் ஜெயிக்கும். பாட்டு நன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஜனத்தொகை பெரிது. அடுத்தபடியாக ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். யூரோவிஷனில், இத்தாலிக்கு நடுவே சுமார் 34 ஆயிரம் பேர் வாழ்கிற குட்டி நாடான சான் மரினோவும் எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனியும் தருவது அதே 12 வரைதான். ஓட்டு நாட்டுக்குள்ளேயே எண்ணப்பட்டு, இடமாக மாறி, பிறகுதான் மதிப்பெண்ணாக வெளியே வருகிறது. சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஓட்டு விழாது.

நம்ம பக்கத்தில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், பெருந்துறை, கோபி, சத்தி, அந்தியூர், பவானி, கோவை என்று பத்து ஊருக்கு ஆளுக்கொருவர் இறுதிச் சுற்றில் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுப் படிவத்தில் பின்கோடு கேளுங்கள், ஓடிபி வைத்து ஒரு எண்ணுக்கு ஒரு ஓட்டு என்று கட்டுங்கள். ஊர் வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். ஒவ்வொரு ஊரும் தன் பாடகரை விட்டு மற்றவர்களில் முதல் ஐந்து பேருக்கு 5, 4, 3, 2, 1 தரட்டும். பத்துப் பேர் போட்டிக்கு 12 வரை போனால் கடைசி ஆளுக்கும் மதிப்பெண் விழுந்து வித்தியாசம் மங்கிவிடும். 1963-ல் யூரோவிஷனே 5 முதல் 1 வரைதான் வைத்திருந்தது. கோவைப் பாடகருக்கு விழுந்த 5,000 ஓட்டில் 4,600 கோவையிலிருந்தே வந்திருந்தால் அந்த 4,600 கணக்கிலேயே வராது. அந்தியூர்ப் பெண்ணுக்கு ஒன்பது ஊரிலிருந்தும் பரவலாக 2,100 விழுந்திருந்தால் அவர்தான் மேலே நிற்பார்.

ஒரு ஊரிலிருந்து பத்துப் பதினைந்து ஓட்டுதான் வந்தது என்றால் ஒரே குடும்பம் அந்த ஊரின் மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடும். ஐம்பதுக்குக் கீழே வந்தால் பக்கத்து ஊரோடு சேர்க்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், அந்தியூரைப் பவானியோடு சேர்க்கிற மாதிரி. சான் மரினோவுக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. அங்கே தொலைபேசி இணைப்பே இத்தாலியோடு கலந்தது, தனி ஓட்டு எடுக்க முடியாது. அதனால் வேறு நாடுகளின் ஓட்டைக் கொண்டு கணக்கிட்ட முடிவைத்தான் அதன் மக்கள் ஓட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நடத்துகிற ஓட்டெடுப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே ஆள் பல பெயர்களைத் தொடலாம் என்பது அதில் தானாகவே திறந்திருக்கும். யார் யாருக்குப் போட்டார் என்று குழுவுக்கே தெரியும். போட்டதை மாற்றவும் செய்யலாம். யூடியூப் லைக் கணக்கில், காலையில் ஏற்றின வீடியோவுக்கும் ராத்திரி ஏற்றின வீடியோவுக்கும் நியாயமே கிடையாது. நாளிதழ்க் கூப்பன் ஓட்டையும் சொல்லாமல் விட முடியாது, ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது: கட்டுக்கட்டாகப் பேப்பர் வாங்கக் காசு உள்ளவர் கையில் அது போய்விடும். யூரோவிஷனில் பல ஆண்டுகளாக ஒருவர் 20 ஓட்டு வரை போட முடிந்தது. அதைப் பற்றிப் புகார் கிளம்பி 2026-க்குப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

நடுவர் மதிப்பெண்ணையும் மக்கள் ஓட்டையும் எப்படிச் சேர்ப்பது? 1998-லிருந்து 2008 வரை பெரும்பாலும் மக்கள் ஓட்டே என்றிருந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்து நாடுகள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்கின்றன என்ற புகார் வலுத்தது. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 தருவது அங்கே நிரந்தரக் கேலி. 2009 இறுதிப் போட்டியில் நடுவர்களைத் திரும்ப அழைத்துவந்து பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். அப்போது இரண்டையும் நாட்டுக்குள்ளேயே கலந்து ஒரே பட்டியலாகத் தந்ததுதான் தப்பு. 2014-ல் பிரிட்டன் மக்கள் போலந்துக்கு முதலிடம் தந்தார்கள், பிரிட்டன் நடுவர்கள் கடைசி இடம் தந்தார்கள். கலந்ததும் போலந்துக்குக் கிடைத்தது பூஜ்யம். மக்கள் போட்ட ஓட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை.

2016 முதல் இரண்டையும் தனித்தனி 58 ஆக்கி, முதலில் நடுவர் மதிப்பெண், பிறகு மக்கள் மதிப்பெண் என்று அறிவிக்கிறார்கள். அந்த ஆண்டே வேடிக்கை பாருங்கள்: நடுவர்களிடம் ஆஸ்திரேலியா 320 எடுத்து முதலிடம், மக்களிடம் ரஷ்யா 361 எடுத்து முதலிடம், இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன் 211-ம் 323-ம் சேர்த்து 534-ல் ஜெயித்தது. 2023-ல் மக்கள் ஓட்டில் 376 வாங்கிய பின்லாந்து, நடுவரிடம் 340 வாங்கிய சுவீடனிடம் தோற்றது. சத்தம் கிளம்பத்தான் செய்தது. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு என்று திரையிலேயே தெரிந்ததால் சூழ்ச்சி என்று இட்டுக்கட்டுவதற்கு இடம் குறைந்தது. நம்ம மேடையிலும் இரண்டு பலகை வையுங்கள்.

சம மதிப்பெண் வந்தால்? 1969-ல் மாட்ரிட்டில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலா 18. சமன் உடைக்கும் விதியே எழுதி வைக்கவில்லை. நான்கு பேருக்கும் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சுவீடன், நார்வே, பின்லாந்து, போர்ச்சுகல், ஆஸ்திரியா ஐந்தும் வரவில்லை. விதி வந்த பிறகு, 1991-ல் ரோமில் சுவீடனும் பிரான்ஸும் தலா 146 எடுத்தன. 12 வாங்கிய எண்ணிக்கை பார்த்தார்கள், நான்குக்கு நான்கு. 10 வாங்கிய எண்ணிக்கையில் சுவீடன் ஐந்து, பிரான்ஸ் இரண்டு. சுவீடனுக்குப் பட்டம். இப்போது சமன் வந்தால் மக்கள் ஓட்டில் முந்தியவருக்கே வெற்றி. எந்த விதியாக இருந்தாலும் சரி, நுழைவுப் படிவத்தில் அச்சாகியிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு மேடையில் வைத்துச் சீட்டுக் குலுக்குவதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

தாள் விஷயத்தில் இரண்டு பழைய விபத்துகளைச் சொல்லியாக வேண்டும். 1963-ல் நார்வே நடுவர் குழு தொலைபேசியில் மதிப்பெண் வாசித்தது முறையாக இல்லை என்று, கடைசியில் வாருங்கள் என்றார்கள். திரும்ப வந்து வாசித்தபோது எண்கள் மாறியிருந்தன. அதனால் சுவிட்சர்லாந்தைத் தள்ளி டென்மார்க் ஜெயித்தது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இப்போது நடுவர்கள் முந்தின நாள் ராத்திரி ஒத்திகையைப் பார்த்தே மதிப்பெண் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நம்மால் முந்தின நாள் முடியாது என்றாலும், எல்லா நடுவர்களின் தாளும் கையெழுத்தாகி உறைக்குள் போன பிறகுதான் மைக் அறிவிப்பாளர் கைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று 2019. பெலாரஸ் நடுவர்களை விதி மீறலுக்காக நீக்கிவிட்டு, பதிலுக்கு வேறு நாடுகளின் மதிப்பெண்ணிலிருந்து கணக்குப் போட்டார்கள். அது தலைகீழாகப் போய், கீழே இருக்க வேண்டிய பாட்டுகள் மேலே வந்து, இஸ்ரேலுக்கு 12 விழுந்தது. சில நாள் கழித்துத் திருத்தினார்கள். வெற்றி பெற்ற நெதர்லாந்து 492-லிருந்து 498 ஆனது. எக்செல்லில் மார்க்கையும் இடத்தையும் ஒரே தாளில் வைத்து வரிசைப்படுத்துகிறவர்களுக்கு நம்ம ஊரிலும் இது நேரும். மார்க் என்றால் பெரிய எண் மேலே, இடம் என்றால் சின்ன எண் மேலே. அறிவிப்பதற்கு முன் ஒரு நடுவரின் தாளை மட்டும் கையில் எடுத்து, அவர் முதலிடம் கொடுத்தவர் பட்டியலில் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.

நேரக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1957-ல் இத்தாலியப் பாட்டு ஒன்று 5 நிமிடம் 9 விநாடி ஓடியது. மூன்று நிமிட விதி இறுகியது அதன் பிறகுதான். நம்ம சினிமாப் பாட்டு பெரும்பாலும் நாலரை, ஐந்து நிமிடம். பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், திரும்பப் பல்லவி என்று நிறுத்தினால் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். இரண்டாம் சரணத்தை நடுவர்கள் எப்படியும் கேட்பதில்லை, தேநீர் வந்திருக்கும்.

1998 வரை யூரோவிஷனில் நேரடி வாத்தியக் குழு இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் இசை நடத்துநரை அழைத்து வரும். 1974-ல் சுவீடன்காரர் நெப்போலியன் வேடத்தில் வந்து நின்றார். 1999-லிருந்து ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசைதான், முதன்மைக் குரல் மட்டும் நேரலை. நம்ம மேடைகளிலும் ஆர்க்கெஸ்ட்ரா போய் ட்ராக் வந்துவிட்டது. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பாடுகிறவர் சுருதியை அரைக்கட்டை இறக்குங்கள் என்றால் இறக்கிவிடுவார்கள். ட்ராக் இறங்காது. மென்பொருளில் ஒரு கட்டை வரை மாற்றலாம், அதற்கு மேல் போனால் வயலின் அழுகிற மாதிரி இருக்கும். எந்தக் கட்டை என்று இரண்டு நாள் முன்னே முடிவாகி, ட்ராக் அமைப்பாளர் கையில் இருக்க வேண்டும். கோப்பின் பெயர் பாடும் வரிசை எண்ணிலேயே தொடங்கட்டும். ட்ராக்கை ஒலிக்கவிடுகிற போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும்.

ட்ராக்கில் பேஸும் டிரம்மும் வராமல் எதிரொலி மட்டும் கேட்கிறது என்று பாடகரைத் திட்டுகிறார்கள். தப்பு வயரில். போனிலிருந்து வருகிற ஸ்டீரியோ வயரை மிக்ஸரின் ஒரே மோனோ இன்புட்டில் மூன்று தொடுமுனை உள்ள பின்னாகச் சொருகினால், மிக்ஸர் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற பேஸ், கிக் டிரம் எல்லாம் கழிந்து காணாமல் போகும். ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனை இரண்டு மோனோ பின்னாகப் பிரிகிற ஒய் வயர் வாங்கி, இரண்டு சேனலில் தனித்தனியாகச் சொருகினால் தீர்ந்தது.

பாடும் வரிசையைச் சீட்டுக் குலுக்கியே எடுங்கள். யூரோவிஷன் 2013 முதல் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையில் அதைக் கொடுத்ததை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. இறுதிப் போட்டியில் இரண்டாவதாகப் பாடிய எந்தப் பாட்டும் 2025 வரை ஜெயித்ததில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

அரசியலே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. 2022-ல் உக்ரைனுக்கு மக்கள் தந்த 439 மதிப்பெண்ணைப் பாட்டுக்கு மட்டும் விழுந்ததாக யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் 1974-ல் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டு வெறும் 3 மதிப்பெண்ணோடு ஊர் திரும்பிய போர்ச்சுகல் பாட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 24 இரவு 10.55-க்கு லிஸ்பன் வானொலியில் ஒலித்தது. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்க ராணுவ வீரர்கள் கிளம்புவதற்கான முதல் சமிக்ஞை அதுதான். கட்டுரையாளர் அரசியல் என்று எழுதியபோது இதை விட்டிருக்க வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டி முடிவுகளை வெளியிடும்போது வென்றவர் படத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நடுவரும் யாருக்கு எந்த இடம் தந்தார் என்ற பட்டியலையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். யூரோவிஷனில் 2014 முதல் ஒவ்வொரு நடுவரின் வரிசையும் போட்டி முடிந்ததும் வெளிவருகிறது. பத்துப் பாடகர், ஐந்து நடுவர் என்றால் ஐம்பது எண்கள், ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
பாட்டுப் போட்டிகளுக்கு மதிப்பெண் கணக்குப் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.